திருவிழா நாளுக்கு மட்டும்

பாரிஸின் லா சப்பலில் மெத்ரோ ரயில் தலைக்கு மேலே ஓடுகிறது. அது போகும்போதெல்லாம் டீக்கடைக் கண்ணாடியில் வெயில் கலங்கித் தெளிகிறது. மகனைப் பார்க்கத் திருச்சியிலிருந்து வந்தவன் நான். பிள்ளையார் கோயிலில் கும்பிட்டுவிட்டு வந்து பாதிக் கனவில் உட்கார்ந்திருக்கிறேன்.

பக்கத்து மேசையில் ஓர் ஈழத் தமிழர் கிரிக்கெட் கழகத்தின் செயலாளரும் விக்கெட் கீப்பர் குகனும். இவர்களுடைய சிறந்த பவுலர் சுதன் லெ பிளாங்-மெனிலுக்கு வீடு மாறிவிட்டான். அந்த ஊர் அணி அவனைக் கேட்கிறது. பதிலுக்கு இரண்டு நல்ல பேட்ஸ்மேன்களைத் தருகிறார்களாம்.

"நல்ல பேரம்தானே தம்பி?" என்கிறேன்.

"ரண்டு பேரும் ஆள் கட்டை, ஐயா," என்கிறான் குகன். "திருவிழாவிலை சுவாமியைத் தோளிலை காவேக்கை முன்னுக்கு நானும் சுதனும். என்ரை உயரத்துக்கு அவன் ஒருத்தன்தான். இவங்களை விட்டாப் பிள்ளையார் சரிஞ்சு போவார்."

செயலாளர் போனைச் சத்தமாக வைத்துப் பேசுகிறார். திருவிழா அன்றுதான் அந்த அணிக்கு இறுதிப்போட்டியாம். அன்றைக்குச் சுதனை விடச் சொன்னால் பேட்ஸ்மேன்கள் கிடையாது என்கிறது மறுமுனை.

மூன்று வருடமாக ஒரு கோப்பையும் வாங்காத கழகம் இது. குகன் தலை குனிந்து டீயைப் பார்க்கிறான்.

"பேட்ஸ்மேன் ஒருத்தரும் வேண்டாம், சுதனை எடுங்கோ. திருவிழா அண்டைக்கு மட்டும் ஆளை விடுங்கோ, அது காணும்," என்கிறார் செயலாளர்.

"ஓம், விடுறம்," என்கிறது மறுமுனை.

என்னை அறியாமல் எழுந்து அவரைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். நான் கிளம்புகிறேன் என்று நினைத்து, "போயிட்டு வாங்கோ ஐயா," என்கிறார்.