செல்வராஜாவின் முதல் சிகரெட்

கடைசியாக இருவரும் சேர்ந்து செய்த வேலை கார்ச் சில்லு மாற்றியதுதான். விபோர்க்கில், வீட்டு வாசலில், ஒரு சனிக்கிழமை. குளிர்காலச் சில்லுகளைக் கழற்றிக் கோடைச் சில்லுகளைப் பூட்டினார்கள். நிறோஷினி இறுக்கினாள். அப்பா பஸ்தியாம்பிள்ளை நட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். நாலாவது சில்லுக்கு முன் மூச்சு வாங்கிப் படியில் குந்தி, ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தார். நிறோஷினி நாலாவதைத் தனியாகவே இறுக்கிவிட்டு எழும்பினாள்.

"முடிஞ்சுது. வெளிக்கிடுங்கோ, ஓகூஸுக்கு மாமாவிட்டைப் போவம்."

"இண்டைக்கு வேண்டாம் பிள்ளை. அடுத்த சனி போவம்."

"போன சனியும் இதைத்தான் சொன்னனீங்கள். செல்வராஜா மாமா ஒட்சிசன் குழாயோட இருக்கிறார். இன்னும் எத்தினை சனி இருக்கெண்டு நினைக்கிறியள்?"

அவர் கையிலிருந்த சிகரெட் பெட்டியை மூடினார். கருஞ்சிவப்புப் பெட்டி, பொன் கிரீடம், இரண்டு சிங்கங்கள். வெல்டன் ரோயல், லண்டன். டென்மார்க்கில் சட்டப்படி எல்லாச் சிகரெட்டும் ஒரே சேற்று நிறப் பெட்டிக்குள் போய் வருடங்களாகிவிட்டன. அவரோ பழைய பெட்டியின் மூலைகளுக்கு டேப் ஒட்டி, வாங்கி வருவதை ஒவ்வொன்றாக அதற்குள் மாற்றி வைப்பார்.

"உந்தச் சேத்தைப் பாத்துக்கொண்டு மனுசன் பத்த ஏலுமே?"

"ஓம், இதெண்டால் மகாராணியே வந்து நெருப்புப் பிடிப்பா."

நிறோஷினி அட்டைப்பெட்டி அச்சிடும் தொழிற்சாலையில் பொறியியலாளர். அந்தக் கிரீடத்தைத் தடவினாலே அவளுக்குத் தெரியும்: அட்டையை மேலே எழுப்பி, அதன்மேல் பொன்தாள் பதித்திருக்கிறார்கள், மயிரிழை விலகாமல். செய்தவன் வேலை தெரிந்தவன். அவளுக்குக் கோபமே அதுதான்.

இருபது வயதில் அப்பா அந்தக் கம்பனியின் விளம்பர வாகனத்தில் வேலை செய்தவர். யாழ்ப்பாணம், எழுபத்தெட்டாம் ஆண்டு. குருநகர்ப் பெடியனுக்குக் கிரீடம் தைத்த ஒரு கோட்டுக் கொடுத்தார்கள். தேவாலயத் திருவிழா, சைக்கிள் ஓட்டம், உதைபந்தாட்டம் எங்கும் வாகனம் போகும், சிகரெட்டைச் சும்மா நீட்டும். மேலாளர் தெளிவாகச் சொல்லியிருந்தாராம்: கிழவர்களை விடு, இன்னும் தொடங்காதவனைப் பிடி. பிடித்தவனின் பெயரையும் பள்ளிக்கூடத்தையும் தாளில் எழுது. அப்பா எழுதினார். அதில் ஒரு பெயர் பக்கத்து வீட்டுச் செல்வராஜா, வயது பதினைந்து.

செல்வராஜா அந்தக் கதையை எந்தக் கொண்டாட்டத்திலும் சொல்லாமல் விட்டதில்லை. "என்ர முதல் சிகரெட் பஸ்தி அண்ணை தந்தது. சொந்தத் தம்பிக்கும் குடுக்கேல்லை, எனக்குத்தான் தந்தவர்!" அவர் அதை அன்பென்று நினைத்தார். சொந்தத் தம்பிக்கு ஏன் கொடுக்கவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை.

தாளின் கதையை அப்பா இந்த மாரியில்தான் மகளிடம் சொன்னார். "செல்வத்திட்டை நேர போய்ச் சொல்லவேணும். போனில சொல்லுற கதையில்லை." சொல்லி முடித்த கையோடு, அந்தக் கோட்டின் தையலைப் பற்றிப் பேசத் தொடங்கினார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சில்லு மாற்றிய அன்றும் அப்படித்தான். "இப்ப! இப்பவே!" என்று டெனிஷில் கத்தினாள்.

"கத்தாதை, அயல் பாக்குது," என்றபடி அவர் உள்ளே போய்விட்டார்.

புதன்கிழமை காலை குளியலறையில் விழுந்தார். இதயம். அம்புலன்ஸ் பிந்தவில்லை, தாதிமார் குறை வைக்கவில்லை. திட்டுவதற்குக் கிட்ட ஒருவரும் இல்லை. பெயர் எழுதச் சொன்னவன் எங்கோ ஓய்வூதியத்தில் ரோசாச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருப்பான் என்று நினைத்தாள். எழுதியவரைத் திட்டலாம் என்றால் அவர் சவப்பெட்டிக்குள் கிடந்தார்.

அடக்கத்துக்குச் செல்வராஜாவால் வர முடியவில்லை. அன்று பின்னேரம் போன் எடுத்தார்.

"பிள்ளை, அண்ணை என்னட்டை ஒரு கதை நேரில சொல்லவேணும், வாறன் எண்டவர். நானும் பாத்துக்கொண்டிருந்தனான். என்ன கதையெண்டு உனக்குத் தெரியுமோ?"

குழாயில் காற்று இரைவது கேட்டது.

"தெரியும் மாமா. நாளைக்கு வந்து சொல்லுறன்."