நீளமாகிப்போன ஏரியல் வயர்

நான் நாலாவது வரை படித்தவள். எழுத்து கோணலாகத்தான் வரும், பாதி மறந்தும் போயிற்று. பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

பெங்களூர் லிங்கராஜபுரத்தில் ஓட்டு வீட்டில் இருந்தோம். அக்கா கோயில் பாட்டுக் குழுவில் பாடுவாள். கிறிஸ்துமஸ் அன்று ஒலிபரப்ப, குழுவை மெட்ராஸ் ரேடியோ ஸ்டேஷனுக்கு அழைத்து முன்கூட்டியே பாட்டைப் பதிவு செய்தார்கள். நடுவில் ஒரு அடி அக்கா மட்டும் தனியாகப் பாடியிருந்தாள். ஊர் திரும்பிய கொஞ்ச நாளில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது, பிழைக்கவில்லை. அந்த ஒரு அடியைக் கேட்டுவிட வேண்டும், அப்பாவுக்கு வேறு நினைப்பே இல்லை.

மெட்ராஸ் எங்கள் வீட்டு ரேடியோவில் மெலிசாகத்தான் எடுக்கும். அப்பா செம்புக் கம்பி வாங்கி, கூரைமேல் இருந்த ஏரியலோடு முடிந்து, பக்கத்து வீட்டு முருங்கை மரம் வரை இழுத்துக் கட்டினார். கிறிஸ்துமஸ் சாயங்காலம் ரேடியோவைப் போட்டால், முள்ளை எங்கே நகர்த்தினாலும் பெங்களூர் ஸ்டேஷனின் கன்னடச் செய்திதான்.

அம்மாவின் தம்பி ரேடியோ ரிப்பேர் செய்பவர். பாட்டுக் கேட்க வந்த மாமா, வயரைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார்.

"என்னா மாமா, துணி காயப்போடக் கொடி கட்டியிருக்கீங்களா?" என்று அப்பாவைக் கேட்டார்.

"நீளமா இருந்தா தூரத்து ஸ்டேஷன் நல்லா எடுக்கும்னு நெனச்சேன்பா."

"பக்கத்து ஸ்டேஷனும்ல சேந்து உள்ள பூந்துடுச்சு! செட்டுக்கு ஒத்துப்போற அளவுதான் இருக்கணும்."

ரேடியோவின் பின்பக்கத்துச் சின்னத் திருகாணியைத் திருப்பிப் பார்த்தார். கன்னடம் அடங்கவில்லை. கட்டிங் பிளேயரோடு ஓட்டின்மேல் ஏறினார்.

வயரை வெட்டியதும் கன்னடம் விலகியது. குழுவின் பாட்டு தெளிவாக வந்தது. அப்பா காதை ரேடியோவோடு ஒட்டிக்கொண்டார். பிறகு மற்றக் குரல்கள் நின்று அக்கா மட்டும் பாடினாள். இரண்டு சொல்தான் கேட்டது. அடுப்படியிலிருந்து வந்த அம்மா, ரேடியோவின் பின்னால் கையை விட்டு ஏரியல் வயரைப் பிடுங்கிவிட்டாள். வெறும் இரைச்சல்.

"வருதா? இப்ப நல்லா வருதா?" என்று மேலிருந்து மாமா கத்திக்கொண்டே இருந்தார்.

நான் வயரைத் திரும்பச் சொருகப் போனேன். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். அம்மாவை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அம்மாவுக்கு அந்தப் பாட்டு பிடிக்கவில்லை போலிருக்கிறது என்றுதான் அன்று நினைத்தேன்.

வயர், ஸ்டேஷன் விஷயமெல்லாம் எனக்கு விளங்கியபடி எழுதியிருக்கிறேன். ரேடியோ தெரிந்தவர்கள் யாராவது பார்த்துத் தப்பிருந்தால் திருத்திவிடுங்கள்.