பின்சுவரில் கேட்ட குரல்

கனடாவிலிருந்து அண்ணை கொண்டுவந்த அந்தக் கறுப்பு ஸ்பீக்கர் பெட்டிகளை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. வட்டுக்கோட்டை வீட்டு ஹோலில் ரிவித் திரைக்குக் கீழே ஒன்று, அதன் இரு பக்கமும் ஒவ்வொன்று, பின்சுவரில் இரண்டு, மூலையில் தரையை அதிரவைக்கும் பெரியது ஒன்று. பல வருடங்களுக்குப் பிறகு வந்தவர் லீவு முழுவதையும் சுவரில் துளை போடுவதிலும் வயர் ஒளிப்பதிலும் கழித்தார். வீட்டையே தியேட்டர் ஆக்கிவிட்டால் பெற்றவளுக்குப் பட்ட கடன் தீர்ந்துவிடும் என்று நினைத்தாரோ என்னவோ.

அம்மாவுக்கு வேண்டியிருந்தது வேறு. எங்கள் தகப்பனை நாங்கள் ஐயா என்றே கூப்பிடுவோம். கண்மூட முன்னர் ஐயா அண்ணைக்கென்று அம்மாவிடம் ஏதோ சொல்லியிருந்தார். அதை மகனை முன்னால் இருத்தி, முகம் பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்று அம்மா வைராக்கியமாக இருந்தார். கூடவே இருந்து பார்த்த எனக்குக்கூட அதைச் சொல்லவில்லை. அதில் எனக்குக் கோபம்தான்.

எல்லாம் பூட்டி முடிந்த பின்னேரம் அண்ணை ஒரு சின்ன மைக்கை அம்மா இருந்த கதிரைக்குப் பக்கத்தில், காது உயரத்தில் நிறுத்தினார். ஒவ்வொரு பெட்டியாக இரைய, எது எவ்வளவு தூரத்தில் இருக்கிறதென்று அந்த மைக் அளக்குமாம். மகன் ஒருவழியாகத் தன் பக்கத்தில் வந்து குந்தியதைக் கண்ட அம்மா அவருடைய தோளில் கைவைத்தார்.

"தம்பி, ஐயா கடைசியா உனக்கு..."

"அம்மா, கொஞ்சம் கதையாதேங்கோ. அளக்குது. சத்தம் போட்டால் அளவு பிழைச்சிடும்."

அம்மா கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அளந்து முடிந்ததும் அண்ணை படம் போட்டார், அயலட்டை கூடியது, மறுநாள் விமானம். "இனி வீடியோவிலை கதைச்சால் நான் பக்கத்திலை இருக்கிற மாதிரியே கேக்கும்" என்று எனக்குச் சொல்லிவிட்டுப் போனார்.

கேட்டதுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் கைபேசியை ரிவியோடு இணைப்பேன். எல்லாப் பெட்டியிலும் அண்ணையின் குரல் வரும். அம்மாவுக்குக் கிட்ட இருந்தவை பின்பெட்டிகள். முகம் முன்னால் திரையில் தெரிய, அம்மா குரல் வந்த பின்பக்கம் திரும்பி வாசலைப் பார்ப்பார். முதல் தரம் நானும் சிரித்தேன். பிறகு பிறகு அந்தத் திரும்பலைப் பார்க்க முடியாமல் குசினிக்குள் அடுப்படிக்குப் போய்விடுவேன்.

"ஐயா சொன்னதை உந்த வீடியோவிலையே சொல்லிவிடுங்கோவன்" என்று ஒருநாள் கேட்டேன்.

"பெட்டிக்குச் சொல்லுறதே பிள்ளை? அவன் வரட்டும்."

அவர் வரவில்லை. அம்மாவின் செத்தவீட்டுக்கும் லீவு கிடைக்கவில்லையாம். இப்போதெல்லாம் இங்கே நடப்பதுபோல கமராக்காரரைப் பிடித்துக் கனடாவுக்கு நேரடியாகக் காட்டினோம். அழ வந்த சனத்தைக் கமராவை மறைக்காமல் தள்ளி நிற்கச் சொன்னதும் நான்தான்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த பிறகு அண்ணை வீடியோவில் எடுத்தார். வழமைபோல ரிவியோடு இணைத்தேன்.

"அம்மா எனக்கெண்டு ஏதும் சொன்னவவோ?"

"ஐயா உங்களுக்குச் சொன்னதைச் சொல்ல இருந்தவ."

"என்ன சொன்னவர்?"

"எனக்குத் தெரியாது அண்ணை. உங்களுக்கெண்டு வைச்சிருந்தவ."

அண்ணை அழுதார். நெடுநேரம் அழுதார், ஒவ்வொரு விம்மலும் பின்சுவர்ப் பெட்டிகளில் தெளிவாகக் கேட்டது. எனக்கு இரக்கம் வரவில்லை.