மழை வராது என்றேன்

எனக்கு வானம் பார்க்கத் தெரியும் என்று ஊரில் ஒரு பெயர் இருந்தது. கம்பத்துப் பக்கம் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் யாரும் வானம் பார்க்காமல் இருக்க முடியாது. மருந்தடித்த கையோடு மழை பெய்தால் மருந்தும் போச்சு, பாடும் போச்சு. நான் மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே பார்ப்பேன். அதில் தலைக்கனமும் உண்டு. செல்போன் தேனி முழுசுக்கும் பொதுவாகச் சொல்லும், நம்ம தோட்டத்து மேகத்தை நாமதான் பார்க்கணும் என்று பீற்றிக்கொள்வேன்.

உயரத்தில் கோழி இறகுபோல் கீறிக் கிடக்கும் மேகம் அன்றைக்கு ஒன்றும் செய்யாது. கேரளத்துப் பக்கமிருந்து மலைமேல் வழிந்து இறங்கும் வெள்ளை மேகம் மிரட்டிவிட்டுத் தூறலோடு போய்விடும். கோடையில் பயப்பட வேண்டியது ஒன்றுக்குத்தான். அடி தட்டையாக, மேலே காலிஃபிளவர்போல் முட்டிக்கொண்டு வளரும். அதன் உச்சி வளர்வதை நிறுத்திப் பக்கவாட்டில் விரிந்துவிட்டால், சீக்கிரமே காற்றும் மழையும் நிச்சயம்.

அப்பா இறந்தது சித்திரையில், ஒரு வெள்ளிக்கிழமை விடிகாலை. அக்கா இருப்பது சென்னையில். விமானத்தில் மதுரைக்கு வந்து, அங்கிருந்து காரில் வந்துகொண்டிருந்தாள். மறுநாள் வரை வைத்திருக்கலாமே என்று நான் கேட்டதற்கு, சனிப்பொணம் தனியாப் போகாது என்று பெரியவர்கள் மறுத்துவிட்டார்கள். எங்கள் பக்கம் பெண்கள் சுடுகாட்டுக்கு வருவதில்லை. வீட்டிலிருந்து தூக்குவதற்குள் வந்து சேராவிட்டால் அக்கா அப்பாவின் முகத்தைப் பார்க்கவே முடியாது.

குளிப்பாட்டி, பாடையும் கட்டியாகிவிட்டது. சாயங்காலம் அக்கா போன் செய்தாள். "இப்பத்தான் வீரபாண்டி தாண்டுறோம்டா." இன்னும் ஒரு மணி நேரமாவது ஆகும்.

சித்தப்பா என்னைத் தெருவுக்கு இழுத்துப்போய் மேற்கே கைகாட்டினார். மலைக்கு மேல் மேகம் ஏறி நின்றது. உச்சி விரிந்துவிட்டிருந்தது.

"ஏலே, சுடுகாட்டுல கூரை கெடையாது. எருவாட்டி நனைஞ்சா அண்ணன் உடம்பு வேகாது. மழ வரும்னா இப்பவே தூக்கிருவோம். நீ சொல்லு."

சுற்றி நின்றவர்கள் என் வாயையே பார்த்தார்கள். அம்மா வாசற்படியில் உட்கார்ந்தபடி பார்த்தாள்.

"வராது சித்தப்பா. அப்படியே வடக்க ஒதுங்கிரும். அக்கா வந்துரட்டும்."

அக்காவின் காரும் முதல் காற்றும் ஒன்றாகத்தான் தெருவுக்குள் நுழைந்தன. செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்து அப்பாவின் கன்னங்களைப் பிடித்துக்கொண்டாள். வயிறு எரிய அழுதாள். அவளை அவசரப்படுத்த ஒருவருக்கும் மனம் வரவில்லை.

பாதி வழியிலேயே மழை பிடித்துக்கொண்டது. டிராக்டர் தார்ப்பாயை நாலு பேர் தூக்கிப் பிடிக்க, நனைந்த எருவாட்டியில் கொள்ளி வைத்தேன். புகைந்ததே தவிர, பற்றவில்லை. மண்ணெண்ணெயை ஊற்றி ஊற்றிப் பார்த்தோம். மழை விட்டுத் தீ பிடிக்கும்வரை அப்பாவை அப்படிப் போட்டு வைத்தது இன்றைக்கும் வலிக்கிறது.

"மழைப்பேறும் பிள்ளைப்பேறும் மகாதேவனுக்கே தெரியாதுன்னு சும்மாவா சொன்னாக? இவன் பேச்சைக் கேட்டோம் பாரு" என்றார் சித்தப்பா, எல்லார் முன்னாலும். அதன் பிறகு மருந்தடிக்கும் முன் என்னிடம் கேட்பதை ஊர் விட்டுவிட்டது.

காரியமெல்லாம் முடிந்து அக்கா கிளம்பினாள். காரில் ஏறப் போனவள் திரும்பி வந்தாள்.

"ஆண்டிபட்டிக் கணவாய் எறங்கும்போதே அந்த மேகத்தைப் பாத்துட்டேன்டா. சின்ன வயசுல அதையே காட்டிக் காட்டி என் உயிரை வாங்குவியே. வீரபாண்டிகிட்ட உச்சி விரிஞ்சிருச்சு. இந்நேரம் தூக்கியிருப்பாகன்னு கார்லயே அழுதுட்டு வந்தேன்." என் முகத்தையே பார்த்தாள். "மழ வரும்னு உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்க்கா" என்றேன். "யார்கிட்டயும் சொல்லிராத. ஒன்னையத்தான் பேசுவாக."