அவர் சுருதியில் பாடிய பெண்கள்

எனக்குக் குரல் போதாது என்பது கொல்கத்தாவில் ஊரறிந்த விஷயம். நல்ல குரல்தான், ஆனால் எழும்பாது, பாவம், அவருக்கு ஈடுகொடுக்க முடியவில்லை என்று என் காதில் விழும்படியே பேசியிருக்கிறார்கள். இருபது வருஷத்துக்கு மேல் கேட்டாயிற்று. இப்போது நான் பேசுகிறேன்.

'அவர்' என்றால் டுபி-தா. தொப்பி அண்ணன் என்று அர்த்தம். பெஹாலாவில் எங்கள் பக்கத்து வங்காளிகள் வைத்த பெயர். மீன் மார்க்கெட்டுக்குக்கூட அகலமான கௌபாய் தொப்பியோடு போகிற மனிதரை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? திருநெல்வேலிக் குடும்பம், அப்பா ரயில்வேயில் கார்டு. கரக்பூர் ரயில்வே காலனியில் பிறந்து, பக்கத்து வீட்டு ஆங்கிலோ-இந்தியர்களின் இசைத்தட்டுகளைக் கேட்டுக் கேட்டு கன்ட்ரி பாட்டில் மாட்டிக்கொண்டவர். அமெரிக்கக் கிராமத்துப் பாட்டு. குதிரை, ரயில், விஸ்கி, விட்டுப்போன காதலி, இதில் ஒன்றாவது இல்லாத பாட்டை அவர் தொடமாட்டார். இத்தனைக்கும் குதிரையில் ஏறியதில்லை. விஸ்கியை டாக்டர் நிறுத்திவிட்டார். காதலி யாரும் விட்டுப்போனதாகத் தகவல் இல்லை. ரயில் மட்டும்தான் சொந்தச் சரக்கு.

ஆனால் பாட ஆரம்பித்தால் பார்க் ஸ்ட்ரீட் ரெஸ்டாரண்டில் சாப்பிடுகிறவர்கள் ஸ்பூனைக் கீழே வைத்துவிடுவார்கள். அதை நான் என்றைக்கும் மறுத்ததில்லை. அவ்வளவு நல்ல குரல்.

அவருக்குப் பேர் வாங்கிக்கொடுத்தது டூயட்டுகள்தான். முதல் ஜோடி ஒரு ஆங்கிலோ-இந்தியப் பெண். சில வருஷம் பாடிவிட்டு ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பிப் போனார். அடுத்தது ஒரு வங்காளி டீச்சர். பிறகு ஷில்லாங்கிலிருந்து வந்த ஒரு நர்ஸ். நாலாவது நான். ஆள் மாறினாலும் எங்களைப் பற்றிய பேச்சு மாறவில்லை. குரல் போதாது. 'டுபி-தாவுக்கு ஜோடிக்குரல் அமையவே இல்லை' என்று அவருக்கு அனுதாபம் வேறு. அவரும் அந்த அனுதாபத்தைத் தொப்பியைத் தொட்டு வாங்கிக்கொள்வார்.

நானும் அதே கரக்பூர் காலனிதான். அவருக்குப் பல வருஷம் சின்னவள். கான்வென்ட் பள்ளிக்கூடத்தில் கோரஸ் பாடி வளர்ந்தவள். கல்யாணமாகி பெஹாலாவுக்கு வந்த பிறகு அவர் கூப்பிட்டார். நம்ம காலனி ஆள்தானே என்று வீட்டில் சம்மதித்தார்கள். ஒருமுறை தமிழ்க்காரர்கள் விழா ஒன்றில் ஒரு மாமி என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய்க் கேட்டார்.

"ஏண்டி, வாய் நிறைய அண்ணாங்கறே. மைக்கப் பிடிச்சா டார்லிங்கறே. இது என்ன கூத்து?"

"மேடையில டார்லிங், திரும்பி வர்ற டாக்ஸியில அண்ணன், மாமி. குழப்பமே இல்ல."

மாமிக்குத் திருப்தியில்லை. அதற்கு நான் என்ன செய்ய?

உண்மையான குழப்பம் வேறு இடத்தில் இருந்தது. அண்ணன் எல்லாப் பாட்டையும் ஒரே சுருதியில் பாடுவார். கிட்டார்காரர்கள் ஜி என்பார்கள். அவர் குரலுக்குத் தைத்த சட்டை அது. ஆனால் அந்தச் சுருதியில் பெண் பாடுகிற வரி எங்களுக்கு அடிவயிற்றுக்குக் கீழே போய்விடும். அங்கே எந்தப் பெண்ணுக்கும் குரல் கிடையாது, வெறும் காற்றுதான். சரி, ஒரு ஸ்தாயி மேலே போகலாம் என்றால் கிரீச்சென்று கத்த வேண்டும். கத்துவதற்குப் பதில் முணுமுணுக்கலாம் என்று நான் முணுமுணுத்தேன். எனக்கு முன்னால் வந்த மூன்று பேரும் அதைத்தான் செய்திருப்பார்கள். எனக்கே இது வெகுகாலம் உறைக்கவில்லை. என் தொண்டையில்தான் கோளாறு என்று மிளகையும் தேனையும் விழுங்கிக்கொண்டிருந்தேன்.

உறைக்க வைத்தது எதிர்வீட்டு பௌதி. வங்காளியில் பௌதி என்றால் அண்ணி. ஒருநாள் காலையில் சாம்பாருக்குத் தாளித்துக்கொண்டே, மேடையில் பாடுகிற ஒரு பாட்டை என் வாய்க்கு வந்தபடி பாடிக்கொண்டிருந்தேன். சந்துக்கு அந்தப் பக்கத்து ஜன்னலிலிருந்து பௌதி எட்டிப் பார்த்தார்.

"கே காய்ச்சே? துமி நாகி?"

யார் பாடுகிறது, நீயா என்கிறார். நம்ப முடியாத முகம். அவர் என் நிகழ்ச்சிகளுக்கு வந்திருக்கிறார். என் முணுமுணுப்பைத்தான் என் குரல் என்று நினைத்திருந்தார். அடுப்பை அணைத்துவிட்டு, பாடிய இடத்தை வீட்டுக் கீபோர்டில் தேடிப் பார்த்தேன். ஜி இல்லை, ஐந்து படி மேலே, சி. அங்கே என் குரல் சந்தைத் தாண்டிக் கேட்கிறது. எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கு சாம்பாரில் உப்பே போடவில்லை.

இதற்கு ஒரு எளிய மருந்து உண்டு. கேப்போ. துணி உலர்த்துகிற கிளிப் போலத்தான் இருக்கும். கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கிற ஃப்ரெட் கட்டைகளில் வேண்டியதில் கவ்வவிட்டால் சுருதி உயர்ந்துவிடும், வாசிக்கிறவர் விரலைக்கூட மாற்ற வேண்டாம். அன்றைக்கே ஒன்று வாங்கி, அவர் வீட்டுக்குப் போய்க் கொடுத்தேன். அவர் அதைக் கரப்பான்பூச்சியைப் பிடிக்கிற மாதிரி இரண்டு விரலால் பிடித்துத் திருப்பித் தந்தார்.

"ஏம்மா, கிளிப்பு மாட்டிப் பாடுதது பாட்டுப் படிக்கிற பிள்ளையளோட சோலி. நான் ஜி-யில ஆரம்பிச்சவன், ஜி-யிலதான் முடிப்பேன். ஜனங்க அந்தக் குரலக் கேக்கத்தான் வாராங்க."

"டூயட்டுன்னா ரெண்டு பேர் இல்லையாண்ணே?"

"ஆமா. அதுக்குத்தான உன்னக் கூட்டிட்டுப் போறேன்."

கேப்போ என் கைப்பைக்குள் போனது. அதன்பிறகு வருஷக்கணக்கில் குடை, தைலம், சில்லறையோடு அதுவும் என்னோடு மேடை மேடையாக வந்தது. ஒவ்வொரு தடவையும் கேட்டேன். ஒவ்வொரு தடவையும் சிரித்தார். விட்டுவிட்டுப் போயிருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: ஏன் போக வேண்டும்? எனக்குப் பாட வேண்டும். மேடையில் பாதி என்னுடையது.

இந்த வருஷம் அவருக்கு ஒரு ஆல்பம் செய்வதாக ரசிகர்கள் கூடி முடிவு செய்தார்கள். அவருடைய டூயட்டுகள் மட்டும், என்னோடு. டாலிகஞ்சில் ஒரு ஸ்டூடியோ பிடித்தார்கள். முந்தைய மூவரின் குரலும் எங்கேயும் பதிவாகவில்லை. அவர்களைப் பற்றி மிஞ்சியிருப்பது 'குரல் போதாது' என்ற பேச்சு மட்டும்தான். என்னுடையது பதிவாகப்போகிறது. ஆனால் எது? அந்த முணுமுணுப்பு. என் மகள் நாளைக்குத் தன் பிள்ளைகளுக்குப் போட்டுக்காட்டப் போவதும் அதுதான் என்று நினைத்தபோது எனக்கு நெஞ்சு எரிந்தது.

மத்தியான நேரம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சவுண்ட் எஞ்சினியர், இந்தப் பக்கம் நாங்கள் இருவரும் ஆளுக்கொரு மைக்கின் முன்னால். அண்ணன் ஸ்டூடியோவுக்குள்ளும் தொப்பியைக் கழற்றவில்லை. முதல் பாட்டு. அவர் வரி முடிந்து என் வரி வந்தது. ஹெட்போனில் எஞ்சினியரின் குரல்.

"மேடாம், ஏக்டு ஜோரே."

கொஞ்சம் சத்தமாக. மறுபடி பாடினேன். மறுபடி, "மேடாம், ஏக்டு ஜோரே." அண்ணன் என்னைப் பார்த்துப் பரிவாகத் தலையசைத்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்தப் பரிவைத்தான் தாங்க முடியவில்லை.

ஹெட்போனைக் கழற்றி வைத்தேன். கைப்பையைத் திறந்து கேப்போவை எடுத்தேன். நேராகப் போய் அவர் மடியில் இருந்த கிட்டாரின் கழுத்தில், ஐந்தாவது ஃப்ரெட்டில் மாட்டினேன். அவர் கிட்டாரை அதுவரை நான் தொட்டதே இல்லை.

"கழட்டும்மா."

"மாட்டேன்."

"எனக்கு அங்க எட்டாதுல்லா?"

"எனக்குந்தான் எட்டல. நீங்க ஒரு தடவையாவது கேட்டீங்களா? இந்தப் பாட்ட என் சுருதியில பாடுங்க. இல்லன்னா டூயட்டு வேண்டாம், நீங்களே ரெண்டு பேருக்கும் பாடிக்குங்க. நான் பஸ் பிடிச்சு வீட்டுக்குப் போறேன்."

தமிழ் புரியாத எஞ்சினியர் கண்ணாடிக்குப் பின்னால் எழுந்து நின்றுவிட்டார். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் பார்வையை எடுக்கவில்லை.

நான் ஹெட்போனை மறுபடி மாட்டிக்கொண்டேன். அவர் வாசித்தார்.

முதல் வரி அவருடையது. மேலே போய்ப் பார்த்தார், உடைந்தது. நிறுத்திவிட்டு, ஒரு ஸ்தாயி கீழே இறங்கிப் பாடினார். ஸ்பூனைக் கீழே வைக்கச் செய்த அந்தக் குரல் அங்கே இல்லை. அங்கே எனக்கு நன்றாகத் தெரிந்த காற்றுதான் இருந்தது. ஹெட்போனில் எஞ்சினியர், அண்ணா என்று மரியாதையாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

"தாதா, ஏக்டு ஜோரே."

அவர் கை கம்பிகளின் மேல் அப்படியே நின்றது. அந்த இரண்டு வார்த்தையை அவரிடம் இதுவரை யாரும் சொன்னதில்லை. என் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"நாலு பேருக்கும் இப்படித்தானா?"

"நாலு பேருக்கும்."

"அவங்கள்ல ஒருத்தியும் எங்கிட்டச் சொல்லலியே."

"நான் சொன்னேனே, அண்ணே."

அவர் கேப்போவைக் கழற்றவில்லை. அந்தப் பாட்டை அந்தச் சுருதியிலேயே பாடி முடித்தோம். என் வரிகளை நான் முழுசாகப் பாடினேன், சாம்பாருக்குத் தாளிக்கும்போது பாடுகிற மாதிரி. எஞ்சினியர் என் மைக்கின் சத்தத்தைக் குறைத்தார். அவர் குறைத்ததைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அதைவிடப் பெரிய விருது எனக்கு இனிமேல் யாரும் தர வேண்டாம்.

ஆல்பத்தில் பாதிப் பாட்டு அவர் சுருதியில், பாதி என் சுருதியில். வெளிவந்த பிறகு ஒருநாள் காளிகாட்டில் நம்ம ஊர்க்காரரின் மளிகைக் கடைக்குப் போயிருந்தேன். அண்ணனும் காபித்தூள் வாங்க வந்திருந்தார். அவர் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டு நிற்க, கடைக்காரர் என்னிடம் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"அக்கா, பாட்டெல்லாம் கேட்டேன். நீங்க பிரமாதம். அண்ணனுக்குத்தான் சில பாட்டுல குரல் எழும்பவே இல்ல. வயசாயிடுச்சு, பாவம்."

என் குரலைப் பற்றி ஊர் பேசியபோது அண்ணன் ஒருநாளும் மறுத்துப் பேசியதில்லை. இப்போது நான் ஏன் மறுக்க வேண்டும்? நான் பாட்டுக்குப் பெருங்காய டப்பாவைப் புரட்டிப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் காதில் விழுந்துவிட்டது.

"வயசெல்லாம் ஒண்ணும் இல்லவே. அது இவ சுருதி. எனக்கு அங்க எட்டாது," என்றார். தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். "இவ்வளவு காலமா என் சுருதியில நாலு பொம்பளையளப் பாட வச்சேன். அவளுவளுக்குக் குரல் இல்லன்னு நீரும் சொன்னீரு, நானும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்."