கஷ்டப்பட்ட ஒயின்

என் அக்கா வீட்டுக்காரரைத் தெரியாதவர்கள் பாக்கியசாலிகள். தெரிந்தவர்கள் அவரை ‘மண்ணு’ என்பார்கள். வாயைத் திறந்தால் மண், மண், மண்தான். ஒயின் திராட்சை போடுகிறவர் வேறு எதைப் பேசுவார் என்று கேட்பீர்கள். பேசட்டும், யார் வேண்டாம் என்றது? பாதி காதில் விழுந்ததை வைத்துப் பேசுகிறாரே, அதுதான் என் வயிற்றெரிச்சல்.

ஒரு கூட்டத்தில் நிபுணர் ஒருவர் சொன்னார்: சத்தில்லாத மண்ணில் கஷ்டப்பட்டு வளரும் கொடிதான் ருசியான பழம் தரும் என்று. வாஸ்தவம். எங்கள் பள்ளத்தாக்கின் மேல் சரிவில் அப்படித்தான். அங்கே மண் பாதி, கல் பாதி. தண்ணீர் நிற்காது; வேர் ஆழமாக இறங்கித் தேடும். பகல் வெயிலைக் கல் வாங்கி வைத்துக்கொண்டு இரவில் கொடுக்கும். குளிர் காற்றும் அங்கே தங்காமல் கீழே வழிந்துவிடும். வழிந்து எங்கே வரும்? நேராக எங்கள் தோட்டத்துக்கு! நாங்கள் இருப்பது பள்ளத்தின் அடியில். இங்கே உறைபனி இறங்கினால் வரிசைகளுக்கு நடுவே அடுப்பு மூட்டியே தீரவேண்டும். நிபுணர் அதையும் சொன்னார். அதற்குள் அத்தான் சாப்பாட்டு வரிசைக்குப் போய்விட்டார்.

வந்ததும் கொடிகளுக்கு உரத்தை நிறுத்தினார். அதோடு விட்டாரா? கூடத்து ஹீட்டரைத் தூக்கிக் கொட்டகையில் போட்டார். மனுஷனும் கஷ்டப்பட்டால்தான் உருப்படுவானாம்.

“ஏங்க, நீங்க மட்டும் கம்பளிக்கு மேல கம்பளி போட்டுக்கிறீங்க?” என்று அக்கா கேட்டாள்.

“நான் கொடி இல்லம்மா. விவசாயி.”

கொடிகள் தளிர்விட்டிருந்த நேரம். மறுநாள் விடிகாலை உறைபனி என்று ரேடியோவில் சொன்னார்கள். அக்கா கல்யாணமான வருடம் தன் கையால் நட்ட கொடிகள் அவை. அவற்றை விட்டால் வீட்டுக்கு வேறு வருமானம் கிடையாது. பக்கத்துத் தோட்டங்களில் அடுப்புகளை வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் அடுப்புகளோ கொட்டகையில். சாவி அத்தான் பையில்.

“சாவியைக் குடுங்க. தளிரெல்லாம் கருகிடும்.”

“ஒண்ணும் கருகாது. கஷ்டப்படட்டும், அப்பத்தான் ருசி. மாப்ளே, நீயாவது உங்கக்காவுக்குப் புத்தி சொல்லு.”

எனக்கு வந்ததே கோபம்! இரவல் அடுப்பு கேட்டு வீடு வீடாக ஓடினேன். அன்றைக்கு யார் தருவார்?

விடிந்து பார்த்தால் தோட்டம் முழுக்கக் கரிக்கட்டை. அக்கா வரிசைகளுக்கு நடுவே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அத்தான் வானிலையைத் திட்டினார்.

சமையலறைச் சுவரை ஒட்டிய வரிசை மட்டும் பச்சையாக நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் வெந்நீர் பாய்லர். அந்தச் சூடு காப்பாற்றியிருக்கிறது. போதாததற்கு, அத்தான் கண்ணில் படாமல் அக்கா அந்த வரிசைக்கு வேளாவேளைக்கு உரமும் தண்ணீரும் வைத்திருக்கிறாள். அந்தப் பழத்தில் தேறியது ஒரே ஒரு பீப்பாய் ஒயின். பொய் சொல்லக்கூடாது, அருமையாக இருந்தது.

அத்தான் சும்மா இருப்பாரா? பீப்பாயை வாசலில் உருட்டி வைத்து, ‘கஷ்டப்பட்ட ஒயின்’ என்று போர்டு மாட்டினார். சுற்றுலா வந்த ஒரு அம்மா ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

“அடடா! இந்தக் கொடி எவ்வளவு கஷ்டப்பட்டிருக்குன்னு நாக்குலயே தெரியுதே!”

அத்தான் நெஞ்சை நிமிர்த்தினார். கிளாஸ் கழுவிக்கொண்டிருந்த அக்கா தலையை நிமிர்த்தவில்லை.

“கொடிக்கு ஒரு குறையும் வைக்கலம்மா. அது கஷ்டமே படல.”

ஜோக் என்று நினைத்து அத்தான்தான் முதலில் சிரித்தார்.