தாடிக்கார மாணவர்

காவலில் தாடி வைத்த மாணவர் ஒருவர் இருக்கிறாராம் என்ற பேச்சு, பீகிங் மாணவர் விடுதிக்கு எள் ரொட்டிக்காரன் கூடையோடு வந்து சேர்ந்தது.

"ஐம்பது வயசாம்! நூடுல்ஸுக்குப் புளிக்காடி ஊத்தலேன்னா கிண்ணத்தைத் தொடமாட்டேன்னு சிப்பாய்களோட மல்லுக்கு நிக்கிறாராம்," என்று விடுதித் தோழன் தெங் காய் அதை அறை அறையாகக் கொண்டுபோனான்.

எல்லோரும் சிரித்தார்கள். பான் யூலின் மட்டும் எழுதிக்கொண்டிருந்த பதாகையில் மையைக் கொட்டிவிட்டான்.

"எங்க ஷான்ஸிக்காரன்தான்டா காடிக்கு அப்படி அடம் பிடிப்பான். ஐயோ, அது எங்க சித்தப்பா!"

யூலின் வாய் திறக்காதவன் என்று பெயரெடுத்தவன். வகுப்பில் கடைசி வரிசை, கூட்டத்தில் கதவோரம். பாரிஸில் கூடிய வல்லரசுகள் சீனாவின் ஷாண்டுங் மாகாணத்தை ஜப்பானுக்குத் தூக்கிக் கொடுத்த சேதி வந்தபோதுகூட, அதை எதிர்த்துத் தெருவில் பேசும் பத்துப் பேர் குழுவில் கொடி பிடிக்கத்தான் அவனைச் சேர்த்தார்கள். கொடியாவது பிடித்தானே என்று நண்பர்கள் மகிழ்ந்தார்கள். ஊரில் காடிக் கடை வைத்திருந்த சித்தப்பாவோ கொதித்துப் போனார். படிக்க வைப்பவர் அவர்தான். 'புறப்பட்டு வருகிறேன், கூட்டிப் போகிறேன்' என்று தந்தி அடித்துவிட்டார். போனால் கடைதான், படிப்பு அதோடு சரி.

முந்தின நாள் பிற்பகல் அவரை அழைத்துவர ரயிலடிக்குப் போனவன் பாதியிலேயே நின்றுவிட்டான். நகரக் கோட்டையின் முன்வாயில் அருகே தெங் காய் பேசிப் பேசித் தொண்டை கட்டி, முக்காலியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தான்.

"டேய் யூலின், ஏறுடா! கூட்டம் கலையுது!"

ஏறினான். வாய்க்குள்ளேயே பேசினான்.

"தம்பி, சத்தமா! உன் பேச்சைக் காத்து கொண்டு போகுது," என்று கத்தினான் ஒரு ரிக்ஷாக்காரன்.

"ஷாண்டுங் போனா நாளைக்கு உங்க ஊரு! உங்க ஊருக்கு அப்புறம் எங்க ஊரு!" தன் குரல்தானா என்று யூலினுக்கே சந்தேகம். கைதட்டல் கிளம்பியது. ரிக்ஷாக்காரன் தொப்பியைக் கழற்றி ஆட்டினான். அந்த ஒரு பொழுதில் யூலின் ஓர் ஆள் உயரம் வளர்ந்துவிட்டான். ரயில் வந்தது அவன் காதில் விழவேயில்லை.

அதற்குள் சித்தப்பா வந்து இறங்கிவிட்டார். சத்திரத்தில் கம்பளி தரமாட்டார்கள். எந்தப் பயணியையும்போல அவரும் படுக்கையைச் சுருட்டி முதுகில் கட்டியிருந்தார். தெருவில் பேசியதற்காக முதலில் பிடிபட்டவர்கள் காவலில் வெறுந்தரையில் கிடந்தார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து மாணவர்களும் அப்படித்தான் படுக்கையோடு தெருவில் இறங்கினார்கள். அவர் அவர்களிடமே பல்கலைக்கழகத்துக்கு வழி கேட்டிருக்கிறார். "எங்களோட வாங்க, மாமா" என்றிருக்கிறார்கள். முதுகில் படுக்கை இருந்தவர்களை எல்லாம் போலீஸ் வளைத்துக்கொண்டது. பல்கலைக்கழகத்துக்கே கொண்டுபோயிற்று. அங்கே சட்டப் படிப்பு நடக்கும் சட்டக் கட்டடம்தான் அப்போது சிறை.

"உள்ளே போய் அவரைப் பார்க்கணும்டா," என்றான் யூலின்.

"பார்த்தா? காதைப் பிடிச்சு ஊருக்கு இழுத்துட்டுப் போவார்," என்றான் தெங் காய்.

"போகட்டும். என்னாலதானே மாட்டினார்?"

அவன் தன் படுக்கையைச் சுருட்டிக் கட்டும்போதே வாசலில் கூச்சல் எழுந்தது. மாணவர்களைப் பிடித்ததற்காக ஷாங்காயில் கடைகளை எல்லாம் அடைத்துவிட்டார்களாம்! அந்தப் பயத்தில் சிப்பாய்கள் காவல் கூடாரத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓட்டமாம்! சட்டக் கட்டடத்துக் கதவு திறந்தே கிடக்கிறதாம்!

"அப்போ சித்தப்பா?"

"ஒருத்தரும் வெளியே வரலப்பா," என்றான் ஓடிவந்தவன். "அரசாங்கம் மன்னிப்புக் கேட்டாத்தான் வருவாங்களாம். தாடிக்காரர்தான் வாசப்படியில குறுக்கே படுக்கையை விரிச்சு உட்கார்ந்திருக்காராம். 'என்னை மாணவன்னு பிடிச்சீங்க, மாணவனாவே இருக்கேன்'னு சொல்றாராம்!"

விடுதி அதிர்ந்தது. தெங் காய் தகரத் தட்டைத் தட்டிக்கொண்டு குதித்தான். யூலின் படுக்கையை முதுகில் மாட்டியபடியே விடுதிக் காவலாளியின் அறைத் தொலைபேசிக்கு ஓடினான். சொன்னதெல்லாம் ரொட்டிக்காரனும் தெருவும்தானே? நேரில் போகுமுன் அவர் வாயாலேயே கேட்டாக வேண்டும்: ஊருக்குக் கூட்டிப் போவாரா, மாட்டாரா?

"சட்டக் கட்டடம்!" என்று இணைப்புக்காரரிடம் கத்தினான்.

"என்னடா சொல்றார்?" நண்பர்கள் அவன் தோளில் ஏறாத குறை.

"சும்மா இருங்கடா. மணி அடிக்குது."

எடுக்க வேண்டிய சிப்பாய்தான் ஓடிப்போய்விட்டானே. யூலின் குழலை வைக்கவில்லை. வாசற்படியில் இருப்பவருக்கு எப்படியும் கேட்கும். காதில் குழலை அழுத்திக்கொண்டு நின்றான். அங்கே மணி அடித்துக்கொண்டே இருந்தது.